கைப்பிடியில் தொங்கிய சட்டை

பஸ் அந்த ஊருக்குள் நுழைந்தபோது சாலையில் பாதியைக் காணவில்லை. இடது பக்கம் நெடுக மஞ்சளாக எதையோ கொட்டிப் பரப்பியிருந்தார்கள். லாரியும் டிராக்டரும் சைக்கிளும் மிச்சமிருந்த பாதியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஊர்ந்தன. கோர்ட்டு வாசல், சினிமாக் கொட்டகை வாசல், பேங்கு வாசல் என்று அந்த மஞ்சள் எங்கேயும் அறுபடாமல் ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஊசி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மக்காச்சோளம். ஒரு ஊரே தன் நடுத்தெருவில் சோளத்தைக் காயப்போட்டிருந்தது.

ஊசி என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவள் ஒல்லியாக இருந்ததால் வைத்தது. பிறகு அவள் தையல் கற்றுக் கடையும் போட்டுவிட, பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டு அத்தை, பொண்ணு யாரு, வெளியூரா என்று கேட்டாள்.

அந்தப் பத்திரிகைதான் இப்போது அவள் பைக்குள் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். அண்ணன் வந்து பக்கத்தில் நிற்காமல் மாலையைத் தொடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தாள். அப்பா இல்லாத வீடு. அவளுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டியதும், தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கியதும் அவன்தான். ஆனால் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் மட்டும் வரும். தானியக் கிடங்கில் ஆபீஸர் வேலை, தனி அறை, ஏசி, ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை பச்சை. லீவுதான் கிடைக்கவில்லை. அம்மா இதையெல்லாம் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்துவிட்டாள். ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது என்று வருத்தப்படுகிற மாதிரி பெருமைப்பட்டுக்கொள்வாள். கல்யாணத் தேதியைச் சொன்னபோது அண்ணன், பார்க்கலாம் என்றான். அந்த ஒரு சொல்லில் ஊசிக்குப் பொறுமை அறுந்துபோனது. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதாக அம்மாவிடம் சொன்னாள். ஆபீஸருக்கென்று ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றும் பைக்குள் மடங்கியிருந்தது.

பச்சை எங்கேயும் இல்லை. வயல்கள் ஊருக்கு வெளியே எப்போதோ முடிந்துபோயிருந்தன. உரக்கடை, விதைக்கடை, பூச்சிமருந்துக்கடை, மறுபடி உரக்கடை. கூரைகளுக்கு மேலே தகரத்தால் செய்த உயரமான உருளைகள் வெயிலில் கண்ணைக் குத்தின. காற்றில் தவிட்டு வாசனை. எல்லார் புருவத்திலும் மெல்லிய மஞ்சள் தூசு படிந்து, ஊரே ஒரே குடும்பம் மாதிரி ஒரே முகமாகத் தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் சோளத்தின் மேல் காலை வைத்துவிட்டாள்.

"ஏம்மா, உங்க வீட்ல சாப்பாட்டுத் தட்டு மேலயும் இப்படித்தான் செருப்புக்காலோட ஏறி நடப்பீங்களா?"

கேட்டவள் கையில் மரப்பலகை வைத்த நீளமான துழாவு கோலோடு நின்றிருந்த ஒரு பருத்த பெண். சோளம் காயவைக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். ஊசி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்குள் தூரத்தில் இடி உருண்டது.

அடுத்து நடந்ததை ஊசி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பேங்கிலிருந்து குமாஸ்தாக்கள் ஓடிவந்தார்கள். டிராக்டர்காரர் வண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார். முடிதிருத்தும் கடையிலிருந்து கத்தியோடு ஒருவரும், அவருக்குப் பின்னால் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு இன்னொருவரும் வந்தார்கள். யாருடைய சோளம் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டினார்கள், குவித்தார்கள், தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஊசியின் கையிலும் ஒரு துடைப்பத்தைப் பெரியக்கா திணித்துவிட்டாள். இடித்த மேகம் ஒரு சொட்டுக்கூட விடாமல் நகர்ந்துபோனது. எல்லாரும் அதைத் திட்டிவிட்டு மூடியதைத் திறந்து மறுபடி பரப்பிவிட்டு வந்த வழியே போனார்கள். நுரைக்காரர் மட்டும், காய்ஞ்சுபோச்சு, மறுபடி தடவுங்க என்று சொல்லிக்கொண்டே போனார்.

இங்கே ஒரு பொட்டு சோளம் நனைந்தால் ஊருக்கே ஜுரம் வந்துவிடும் என்று பெரியக்கா மூச்சு வாங்கச் சொன்னாள். நனைந்தால் முளைக்கும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. பிறகு, யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டாள். தானியக் கிடங்கு ஆபீஸரை என்று ஊசி சொன்னாள். எப்படியிருப்பார் என்று கேட்டதற்கு, நெட்டையாக, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்போடு என்று அடையாளம் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது வருகிற சிரிப்பு.

"நம்ம ஆபீஸரு. அந்தா, அந்த கேட்டுதான். போ தாயி."

கேட்டுக்குள் பெரிய முற்றம். ஒரு ஓரத்தில் ஏசி அறை உண்மையாகவே இருந்தது. கண்ணாடி வைத்த தேக்குக் கதவு, வெளியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பெட்டி. ஊசிக்கு மனம் நிறைந்துபோனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். உள்ளே வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர்தான் மேனேஜர். ஆபீஸரைத் தேடுவதாக அவள் சொன்னதும் கொட்டாவியை முடித்துக்கொண்டு, "ஓ, அந்த ஆபீஸரா? குதிருக்குள்ள இறங்கியிருப்பான்" என்றார். இருபது ஆளுக்கு மத்தியில் அவன் ஒருத்தன்தான் வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வருவான் என்றும், வீட்டுக்கு போன் பேசும்போது அவன் குரலில் ஒரு மிடுக்கு வரும் பார், அதைக் கேட்டுவிட்டுத்தான் பசங்கள் அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல உழைப்பாளி. கட்டி தட்டிப்போன சோளத்தை உடைக்க அவனை விட்டால் ஆளில்லை.

"நீங்க அவனுக்கு யாரு?"

அதற்குள் ஊசி திரும்பிவிட்டாள். கதவைச் சாத்தவும் மறந்து வெளியே வந்தாள். காதுக்குள் வண்டு மாதிரி ஏதோ ரீங்கரித்தது. மூன்று வருஷம். தனி அறை. ஏசி. இருமல். அம்மா நாலு வீட்டில் சொன்ன பெருமை. வெள்ளைச் சட்டையின் கைப்பட்டிக்குள் அவள் வைத்துத் தைத்த விறைப்புத் துணி. எதைப் பிடித்து எதைத் திட்டுவது என்று தெரியாமல் நடந்தாள்.

முற்றத்தின் கடைசியில் அந்தத் தகர உருளைகள் நின்றன. அவற்றைத்தான் குதிர் என்றார்கள். மூன்று மாடி உயரம், பக்கவாட்டில் இரும்பு ஏணி, உச்சியில் ஆளும் மூட்டையும் நுழைகிற அகலமான திறப்பு. முதல் குதிரின் அடியில் ஒரு மெஷின். உள்ளே இருக்கும் சோளத்தை அடியிலிருந்து இழுத்து லாரிக்குத் தள்ளுவது. மெஷினின் சுவிட்ச் ஒரு இரும்புக் கைப்பிடி. அதன்மேல் ஒரு சட்டை தொங்கியது.

அவளுக்கு அந்தச் சட்டையைத் தெரியும். நீலத்தில் மெல்லிய கோடு. காலரில் அவள் மட்டும் போடுகிற இரட்டைத் தையல். போன வருஷம் பார்சலில் அனுப்பியது. முதுகெல்லாம் வியர்வை உப்புப் பூத்துக் கிடந்தது. மூன்றாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு.

பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த ஊக்கை அவளால் பொறுக்க முடியவில்லை. தையல்காரியின் அண்ணன் ஊக்குப் போட்ட சட்டையோடு ஊரில் நடமாடியிருக்கிறான். சட்டையை எடுத்தாள். சுவர் நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவள் பையில் நூலும் பொத்தானும் இல்லாத நாள் கிடையாது. நீலம் இல்லை, வெள்ளைதான் இருந்தது. பரவாயில்லை என்று ஊசியில் நூலைக் கோத்தாள். அவன் வெளியே வரட்டும். முதலில் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை.

மறுபடி இடி இடித்தது. இந்த முறை பக்கத்தில். மழைக்கு முன்னால் ஏற்றச் சொல்லி லாரிக்காரர் ஒருவர் ஹாரனை விடாமல் அடித்தார். எடைமேடைப் பக்கமிருந்து பனியன் போட்ட ஒரு ஆள் ஓடிவந்தார். கைப்பிடியைப் பார்த்தார். கீழே இழுத்தார். மெஷின் உறுமியது.

ஊசி தலையை நிமிர்த்தினாள். குதிரின் உச்சியில் ஒருவர் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசினார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. அண்ணனிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும், தங்கச்சி வந்திருக்கிறாள் என்று. அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள். கையில் சட்டை இருந்தது.

மேலே நின்றவர் வீசுவதை நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதில் எதையோ சுருட்டி, பனியன்காரர் மேல் வீசி எறிந்தார். இரும்புத் தடி அது. அவர் தோளை ஒட்டி இறங்கித் தரையில் விழுந்து துள்ளியது. பனியன்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி ஊசியைப் பார்த்தார். அவள் கையில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தார். அந்த முகத்தை ஊசி சாகும்வரை மறக்கமாட்டாள். திட்டுகிற முகம் இல்லை. வாசல் திறந்திருப்பதாக நினைத்து நடந்து சுவரில் மோதியவனுடைய முகம்.

கைப்பிடி மேலே போனது. உறுமல் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் குதிருக்குள்ளிருந்து ஒரு குரல் மெலிதாகக் கேட்டது.

அந்த முற்றத்தில் எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று. குதிருக்குள் இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான். சட்டை தொங்கினால் மெஷினைத் தொடக்கூடாது. சட்டை இல்லாவிட்டால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். மெஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாத இடத்தில் சட்டைதான் பேச்சு. அடுத்தவன் சட்டையை அங்கே யாரும் தொடமாட்டார்கள். சம்பள நாளில் வீட்டுக்காரி வந்தாலும் தொடமாட்டாள். பிள்ளைகள் பந்து விளையாடினாலும் அதைச் சுற்றித்தான் ஓடுவார்கள். அதைத் தொடுவதற்கு வெளியூர் ஆள் வேண்டும். வெளியூர் ஆளிலும், பொத்தான் இல்லாத சட்டையைப் பார்த்தால் கை துறுதுறுக்கிற தங்கை வேண்டும்.

அடியில் மெஷின் இழுத்ததும் உள்ளே சோளம் சுழிபோட்டு இறங்கியிருக்கிறது. அதோடு அண்ணனும் இறங்கியிருக்கிறான். இடுப்பில் கட்டிய கயிற்றை உச்சியில் நின்று கையை வீசிய கயிற்றுக்காரர் கம்பியில் முடிந்து வைத்திருந்ததால் நெஞ்சோடு நின்றான். இல்லாவிட்டால் உச்சந்தலைக்கு மேல் சோளம் மூடியிருக்கும்.

ஊசிக்கு ஏணியில் எப்படி ஏறினோம் என்று நினைவில்லை. உச்சித் திறப்பில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். கீழே மங்கலான வெளிச்சத்தில் மஞ்சள் மைதானம். அதன் நடுவில் ஒரு தலை, இரண்டு தோள், இரண்டு கை. யாரோ பாதியில் நட்டுவைத்துவிட்டு மறந்துபோன செடி மாதிரி.

"இழுங்க! கயித்தப் புடிச்சு இழுங்கண்ணே!" என்று கத்தினாள்.

இழுத்தார்கள். ஒரே ஒரு தடவை. உள்ளேயிருந்து வந்த அலறலில் எல்லார் கையும் தானாக விட்டுவிட்டது. அதற்குள் சத்தம் கேட்டுச் சாலையிலிருந்து ஓடிவந்து ஏணியில் பாதி உயரம் ஏறிவிட்டிருந்த பெரியக்கா கீழிருந்தே சத்தம் போட்டாள்.

"எவன்டா இழுக்கறது? இழுத்தா இடுப்புக்கு மேல மட்டும்தான் கையோட வரும். கதவக் கழட்டுங்கடா. கிடைக்கிற கதவையெல்லாம் கழட்டுங்க."

இதற்கு ஒரே வழிதானாம். அவனைச் சுற்றிப் பலகைகளைச் சோளத்துக்குள் அடித்து இறக்கிக் கிணறு மாதிரி ஒரு சுவர் கட்ட வேண்டும். பிறகு அந்தச் சுவருக்குள் இருக்கிற சோளத்தை மட்டும் அள்ளி அள்ளி வெளியே போட வேண்டும். அவசரப்பட்டால் சுற்றிலும் இருப்பது சரிந்து முகத்தை மூடிவிடும். கீழே திருப்புளியால் திருகும் சத்தம் கேட்டது. கயிற்றில் கட்டி மேலே வந்த முதல் கதவு கண்ணாடி வைத்த தேக்குக் கதவு. ஏசி அறையினுடையது. மேனேஜரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அடுத்து கக்கூஸ் கதவு, அதற்கடுத்து சாப்பாட்டு மேஜையின் பலகை.

ஆட்கள் பலகை விரித்து அதன்மேல் தவழ்ந்து உள்ளே போனார்கள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சைச் சுற்றிய சோளம் இன்னும் கொஞ்சம் இறுகும் என்றும், அவன் தூங்கிவிடாமல் யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் கயிற்றுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு ஊசியைப் பார்த்தார்.

என்ன பேசுவது? திட்டுவதற்கென்று பஸ் முழுக்க யோசித்துவைத்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அண்ணே."

கீழே தலை அசைந்தது. கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தான். வெளிச்சத்துக்கு எதிரே அவள் முகம் தெரிந்திருக்காது. குரல் போதுமாயிருந்தது.

"ஊசியா?"

"நான்தான் சட்டைய எடுத்தேன்ண்ணே."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு துண்டு துண்டாகப் பேசினான்.

"தெரியும். மெஷின் ஓடினப்பவே நினைச்சேன். இந்த ஊர்ல... எவனும் எடுக்கமாட்டான்." மறுபடி மூச்சு. "பொத்தான் தெச்சிட்டியா?"

"பாதி."

"பாதியில விட்டுட்டா வந்த? ஒரு வேலையாச்சும்... உருப்படியா..."

கதவை அடித்து இறக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். தேக்குக் கதவு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக இறங்கியது. அவன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான்.

"இது என் ரூம் கதவு ஊசி. பாத்தியா? தேக்கு."

"பாத்தேன்."

"அம்மாகிட்ட சொல்லாத."

"எதை?"

"எதையும்."

முதல் வாரம் அம்மா போனில் அழுதாளாம், மூட்டை தூக்கவா போன என்று. அவள் அழுகையை நிறுத்த, இல்லம்மா ஏசி ரூம் என்று சொல்லிவிட்டான். ஒரு தடவை சொன்ன பொய்யைக் காப்பாற்ற மூன்று வருஷம் சம்பளமில்லாத வேலை பார்த்தேன் என்றான். ஊருக்கு வரலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவானாம். காய்ப்புக் காய்த்த உள்ளங்கையைப் பார்ப்பானாம். திரும்பிப் போய்விடுவானாம். இதையெல்லாம் அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு, இரண்டு சொல். நடுவில் கண் சொருகும்போதெல்லாம் ஊசி கத்தி எழுப்பினாள். வெள்ளிக்கிழமை கல்யாணம், பந்தல்காரர் பாதி பந்தலைப் போட்டுவிட்டு அண்ணன் வந்தால்தான் மீதி என்கிறார், மாப்பிள்ளை வேனைக் கழுவிக் கழுவி பெயிண்டே போய்விட்டது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பாதி பொய். அண்ணனிடமிருந்து கற்றதுதான்.

அப்போது மழை வந்தது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற சத்தம். ஊசி தலையைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே சாலையைப் பார்த்தாள். திகைத்துப்போனாள்.

சாலையில் ஒருவரும் இல்லை. மஞ்சள் பரப்பு அப்படியே திறந்து கிடந்தது. மழை அதன்மேல் விழுந்து, ஓரமாக ஓடி, சோளத்தைச் சாக்கடைப் பக்கம் அரித்துக்கொண்டு போனது. ஒரு பொட்டு நனையாமல் காக்க நுரை முகத்தோடு ஓடிவந்த ஊர் முழுக்கக் குதிரின் அடியில் கூடி நின்றுகொண்டிருந்தது. பேங்கு குமாஸ்தாக்கள், டிராக்டர்காரர், முடிதிருத்துபவர். ஏணி நெடுக ஆளுக்கு ஆள் பாத்திரம் கைமாறியது. வாளி, சாப்பாட்டு டப்பா, தலைக்கவசம், பிளாஸ்டிக் முறம். யாரும் சாலைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நனைகிற சோளத்தைப் பார்க்காமலிருக்கப் பழகியவர்கள் இல்லை அவர்கள். பெரியக்காவின் கழுத்து மட்டும் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பியது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாளியை வாங்கினாள்.

ஒருவராவது தன்னைத் திட்டினால் தேவலை என்று ஊசிக்கு இருந்தது. வெளியூர்ப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும் என்று யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி வலித்தது.

பொழுது சாயும் நேரத்துக்குக் கிணறு இடுப்புவரை இறங்கியது. பிறகு தொடை. முழங்கால் தெரிந்ததும் அவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கீழே கொண்டுவந்து ஈரத் தரையில் படுக்கவைத்தபோது கால்கள் வெளுத்து, சோளமணிகளின் அச்சு தோலெல்லாம் பதிந்து, மனிதக் கால் மாதிரியே இல்லை. ஊசி அதைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அண்ணன் அவள் கையை உற்றுப் பார்த்தான். சட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பாதி தைத்த பொத்தானிலிருந்து ஊசி நூலில் தொங்கி ஆடியது.

"வெள்ளைப் பொத்தானா?" என்றான்.

"நீலம் இல்லை."

"வெள்ளிக்கிழமையா கல்யாணம்?"

"ஆமா. வருவியா?"

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதை வீக்கம் தானாக வடியும் என்று அனுப்பிவிட்டார்கள். பொத்தானை அங்கேதான் தைத்து முடித்தாள். வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டியபோது அண்ணன் அதைத் தடவிப் பார்த்தான். கைப்பட்டியை மடக்கிப் பார்த்து, நல்லா வந்திருக்கு என்றான். பிறகு மடித்து அவள் பைக்குள்ளேயே வைத்துவிட்டான். அது கல்யாணத்தன்றைக்கு. வீட்டு வாசலில் நுழையும்போது நீலத்தைத்தான் போட்டுக்கொள்வேன், அம்மா முதலில் அதைப் பார்க்கட்டும் என்றான். அழுவாளே என்றாள் ஊசி. அழட்டும், இந்தத் தடவை பக்கத்திலிருந்து பார்த்துக்கலாம் என்றான்.

துணிமணியை எடுத்துக்கொண்டு போக முற்றத்துக்கு வந்தார்கள். அண்ணன் அவள் தோளில் கைபோட்டு நொண்டி நொண்டி வந்தான். ஏசி அறையில் கதவு மறுபடி மாட்டியிருந்தது. கண்ணாடி விரிசல் விட்டு ஒட்டுப் போட்டிருந்தது. பனியன்காரர் மெஷின் பக்கத்தில் நின்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மெஷின் ஓடவேயில்லையாம். லாரிகள் கேட்டுக்கு வெளியே தெருமுனை தாண்டி வரிசை கட்டியிருந்தன. கைப்பிடியில் ஒரு சட்டை தொங்கியது. பழுப்புச் சட்டை. பனியன்காரருடைய சொந்தச் சட்டை.

ஊசி அவர் முன்னால் போய் நின்றாள். கும்பிட்டாள். சொல்லவேண்டியது எவ்வளவோ இருந்தது.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அண்ணே?" என்றுதான் வந்தது.

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் சட்டை?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் கேட்டைத் தாண்டி வெளிய போறத என் கண்ணால பாக்கணும்மா. பாத்துட்டு எடுத்துக்கறேன். அதுவரைக்கும் கை வரமாட்டேங்குது."

அண்ணன் அவர் தோளைத் தட்டினான். "ஒரு வாரந்தான். திரும்பி வந்துருவேன். என் ரூமைப் பத்திரமா பாத்துக்க."

அந்த மனுஷர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

சாலையில் நனைந்துபோன சோளத்தை ஒரு ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். சில மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. பெரியக்காவும் பெண்களும் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி கேட்காமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பெரியக்கா அதைப் பார்த்தாள். காய்ந்த சோளத்தில் ஒரு கை அள்ளி அவள் பைக்குள் போட்டாள்.

சாலையைக் கடந்து பஸ் நிற்கும் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பின்னால் முற்றத்தில் மெஷின் உறுமியது.

ஊசியின் கை தானாகப் பாய்ந்து அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. அவன் பக்கத்தில்தான் நின்றான், தரையில், இரண்டு காலோடு. அது அவளுக்குத் தெரியும். கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் கை விடவில்லை.

"விடுடி. பொத்தான் பிய்ஞ்சிரும்" என்றான் அண்ணன்.

பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும், அவள் அந்தச் சட்டையை விடாமலே ஏறினாள்.